அண்ணன் பெயரில் போருக்குப் போனவர்

கடிதத்தில் இருந்தது தம்முடைய பெயர்தான் என்பதில் கிருஷ்ணஸ்வாமி அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. விலாசமும் மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் அவர் பிறந்து வளர்ந்த அதே வீட்டு விலாசம்தான். ஆனால் அதில் எழுதியிருந்த வாழ்க்கை அவருடையதல்ல.

“நாயக் கிருஷ்ணஸ்வாமி, சிக்னல்ஸ் பிரிவு, பர்மா போர்முனை” என்று பட்டாளப் பதவியோடு தொடங்கியது அந்தக் கடிதம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, மாவட்டத்தில் இருக்கும் பழைய போர்வீரர்களை முன்னாள் படைவீரர் சங்கத்தார் ஆகஸ்டு மாதம் இருபதாம் தேதி கௌரவிக்க இருப்பதாகவும், தாங்கள் அவசியம் வந்து மேடையில் சால்வையும் பதக்கமும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பணிவன்புடன் எழுதியிருந்தார்கள்.

அவருடைய மகன் ஜெயகிருஷ்ணன் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏம்ப்பா, நீங்க எப்போ பர்மாவுக்குப் போனேள்?”

“நான் பெங்களூருக்கே நாலு தரம்தான்டா போயிருக்கேன். அதுல ரெண்டு தரம் உன் கல்யாண விஷயமா.”

சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுபத்து மூன்று வயதில், ரயில்வே சரக்கு அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, அப்படியொரு படபடப்பு புதிது. பயமா, சந்தோஷமா என்று அவராலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று வருஷமாக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்திருந்த ஒரு சமாசாரம், வாசல் வழியாகப் பதிவுத் தபாலில் நுழைந்துவிட்டது.

போருக்குப் போனவர் அவருடைய தம்பி செல்வப்பிள்ளை.

1942-இல் செல்வப்பிள்ளைக்குப் பதினேழு வயது. கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் எழுத மனமில்லாமல் திரிந்துகொண்டிருந்தார். சிக்னல்ஸ் பிரிவில் சேர வேண்டுமானால் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டும் அவரிடம் இல்லை. அண்ணாவிடம் இரண்டும் இருந்தன. ஒரு நாள் காலை, அண்ணாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து சான்றிதழைக் காணோம், தம்பியையும் காணோம். தலையணைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் மட்டும் கிடந்தது: “அண்ணா, உன் பேரை எடுத்துண்டு போறேன். பத்திரமா திருப்பித் தரேன்.”

அன்றிலிருந்து பட்டாளத்தின் கணக்கில் அவர் கிருஷ்ணஸ்வாமி. வீட்டிலிருந்த கிருஷ்ணஸ்வாமியோ, ரயில்வே உத்தியோகத்துக்கு மனுப் போடுவதற்காக, “என் சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டது, தயவுசெய்து நகல் தர வேண்டுகிறேன்” என்று தலைமையாசிரியருக்கு எழுதினார். அவர் எழுத்தில் சொன்ன முதல் பொய் அதுதான். அவருக்குத் தெரிந்தவரை அதுவே கடைசி.

1945 மார்ச்சில் ஒரு சனிக்கிழமைக் காலை. உடம்பு முழுக்க நல்லெண்ணெய் வழிய அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“கிருஷ்ணஸ்வாமி அன்னோரு யாரு?” என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

“நான்தான்.”

தந்திக்காரர் காகிதத்தைப் பார்த்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கு யுத்தத்துல பலமா அடிபட்டிருக்குதாம், ஸ்வாமி. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம்,” என்றார். பிறகு சற்று யோசித்து, “கொஞ்சம் உஷாரா இருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். “அடிபட்டது எந்தப் பிள்ளைன்னு வெளியில சொல்லி அழக்கூடக் குடுத்துவைக்கலையே” என்று அவள் சொன்னது கிருஷ்ணஸ்வாமியின் காதில் இன்னும் இருந்தது.

செல்வப்பிள்ளை பிழைத்து வந்தார். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லாமல் வந்தார். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். எட்டு விரல்களால் அவர் செய்த வேலையைப் பத்து விரல்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் பர்மாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. யாராவது தூண்டித் துருவினால், “யுத்தத்துக்குப் போனது எங்கண்ணா, என்னைக் கேட்டா?” என்று சிரித்து மழுப்பிவிடுவார். போன மார்கழியில், கடையில் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டபடியே, சிரமம் எதுவும் தராமல் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மனைவி கனகலக்ஷ்மி அம்மாள் அதே வீட்டின் பின்கட்டில் இருந்தார். கல்யாணமாகி வந்த நாற்பத்தேழு வருஷத்தில் அவர் கணவரின் அண்ணாவை நேருக்கு நேர் நின்று ஒன்றுகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று, குழந்தைகளிடம் சொல்வதுபோலச் சொல்லித்தான் வழக்கம். அன்று மாலை அவர் நேரே கூடத்துக்கு வந்து, ஊஞ்சலுக்கு எதிரே நின்றார். கிருஷ்ணஸ்வாமி பதறி எழுந்துவிட்டார்.

“அண்ணா, உக்காருங்கோ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்.”

“சொல்லு, கனகம்.”

“பதக்கம் வேண்டாம், சால்வை வேண்டாம். அவர் பேரை ஒரு தரம், ஒரே ஒரு தரம், எல்லாருக்கும் கேக்கறமாதிரி மைக்கில சொல்லணும். இத்தனை வருஷமும் அவர் பட்டதெல்லாம் உங்க பேர்லயே போயிடுத்து. உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா அவர்னு ஒருத்தர் இருந்தார் இல்லையா?”

“நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்” என்றார் கிருஷ்ணஸ்வாமி. தம்பிக்காக ஒரு காரியம் செய்யப்போகிறோம் என்ற குதூகலம் கிளம்பி, இரவெல்லாம் அவரைப் புரட்டிப் போட்டது.

மறுநாள் சலவை வேட்டி, கோட்டு, தொப்பியோடு சங்க அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் பசவராஜ், ஓய்வு பெற்ற சுபேதார். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். பட்டாளத்தில் தமிழ்க்காரர்களோடு இருபது வருஷம் கழித்தவர் என்பதால் தமிழும் பேசுவார்.

“வாங்க, வாங்க, நாயக் சாப்!” என்று அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

வாழ்நாளில் முதல் தரமாகத் தமக்கு ஒருவர் சல்யூட் அடித்ததில் கிருஷ்ணஸ்வாமி சொல்ல வந்ததை மறந்தார். காபி வந்தது. “ஐயா, தங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம்…” என்று தொடங்கினார். “விண்ணப்பமா? இதோ!” என்று பசவராஜ் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். விழாவுக்கு வருவதாக ஒப்புதல் தரும் படிவம். முப்பத்தேழு வருஷம் சரக்கு அலுவலகத்தில் இருந்தவருக்கு, நீட்டிய படிவத்தை நிரப்பாமல் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. பேனாவை எடுத்தார், எல்லாக் கட்டங்களையும் தெளிவாக நிரப்பினார், கீழே “கிருஷ்ணஸ்வாமி” என்று கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். பசவராஜ் அதில் முத்திரை குத்திய சத்தத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது.

வீடு திரும்பிச் சொன்னபோது ஜெயகிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“என்னப்பா இது! இதுவரைக்கும் சித்தப்பாதான் ஆள்மாறாட்டம். இப்போ நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டேள்! இனிமே மேடையில போய் நான் அவனில்லைன்னா, போலீஸ் கேஸ்தான். பேசாம போங்கோ, சால்வையை வாங்கிக்கோங்கோ, நமஸ்காரம்னு இறங்கி வந்துடுங்கோ.”

“கனகத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேனேடா.”

“சித்திகிட்ட நான் பேசிக்கறேன்.”

பின்கட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் ஓசை கேட்டது. பேசுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று கிருஷ்ணஸ்வாமிக்குப் புரிந்தது. மேடையிலேயே சொல்லிவிடுவது என்று அந்தக் கணத்தில் தீர்மானித்தார்.

அதன்பின் அவர் இருந்த இருப்பை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கொல்லையில் தென்னைமரத்தின் முன் நின்று, “தலைவர் அவர்களே, வீரப் பெருமக்களே” என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். குளிக்கும்போது பேசினார். கோயிலில் பிரதட்சிணம் செய்யும்போது உதட்டை அசைத்ததைப் பார்த்து, “மாமா புது ஸ்தோத்திரம் ஏதோ சொல்றார்” என்று அர்ச்சகர் மெச்சினார்.

இருபதாம் தேதி வந்தது. கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. கொள்ளேகால் பக்கத்திலிருந்தும் ஹுன்சூர் பக்கத்திலிருந்தும் கிழவர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மடிப்புக் கலையாத கோட்டுகளில் பழைய பதக்கங்கள் கிலுகிலுத்தன. நாற்பது வருஷம் பார்க்காதவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஓங்கி அடித்து, “இன்னும் நீ உசிரோடவா இருக்கே!” என்று கூவிக்கொண்டார்கள். பெண்கள் வரிசையில் கனகலக்ஷ்மி அம்மாள் அரக்குப் புடவையில், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கிருஷ்ணஸ்வாமியைப் பார்க்கவேயில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வரிசையில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். பக்கத்திலிருப்பவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங்க, நாயக் கிருஷ்ணஸ்வாமின்னு நோட்டீசுல போட்டிருக்குதுங்களே, வந்துட்டாருங்களா? எத்தனாவதா கூப்புடுவாங்க?”

நான்காவதாகக் கூப்பிட்டார்கள்.

“நாயக் கிருஷ்ணஸ்வாமி! சிக்னல்ஸ்! பர்மா!” பசவராஜின் குரலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.

கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. கிருஷ்ணஸ்வாமி படியேறினார். தலைமை விருந்தினரான ஓய்வு பெற்ற பிரிகேடியர் அவர் தோளில் சால்வையைப் போர்த்தினார். மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கொல்லையில் பத்து நாள் மணியாக ஒலித்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. போட்டோக்காரர் விளக்கைப் பளிச்சென்று அடித்தார். அடுத்த பெயருக்குப் பசவராஜ் காகிதத்தைப் புரட்டினார். வேறு ஒன்றும் தோன்றாமல், கிருஷ்ணஸ்வாமி சபையைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டார்.

“அவரு இவரில்லீங்க!”

வெள்ளைத் தலைப்பாகைக்காரர் நாற்காலியின் மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

“கையைப் பாருங்க! பத்து வெரலும் இருக்குதுங்க! எங்க கிருஷ்ணஸ்வாமிக்கு எடது கையில ரெண்டு வெரலு கெடையாதுங்க. என் சட்டையைக் கிழிச்சு நானேதான் கட்டுப் போட்டனுங்க! யாரய்யா நீ? அவரு பேரைச் சொல்லி மெடலு வாங்க வந்தவன்?”

மண்டபமே எழுந்து நின்றது. “இறக்குங்கய்யா அந்த ஆளை!” என்று யாரோ கத்தினார்கள். “ஏன்ரீ இது? என்னய்யா இது?” என்றார் பசவராஜ், கண்கள் சிவக்க. ஜெயகிருஷ்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைப் பக்கம் ஓடிவந்தார்.

விந்தை என்னவென்றால், கிருஷ்ணஸ்வாமிக்கு அந்தக் கணத்தில் பயம் துளியும் இல்லை. தம்பியை அறிந்த ஒருவர்! தம்பியின் கைக்குக் கட்டுப் போட்டவர்! அந்தச் சந்தோஷத்தில் அவர் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார்.

“அவர் சொல்றது சத்தியம்! நான் போகலை! நான் ரயில்வே குமாஸ்தா! போனது என் தம்பி! என் சர்டிபிகேட்டை எடுத்துண்டு, என் பேரை எடுத்துண்டு, பதினேழு வயசுல போனான்!”

அதன்பின் அவரை நிறுத்த ஆளில்லை. ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கன்னடத்தில் தொடங்கினார், தமிழுக்குத் தாவினார், நடுவே ரயில்வே இங்கிலீஷும் வந்தது. தலையணைக்கு அடியில் இருந்த காகிதம், கரையான் பொய், எல்லாம் சொன்னார். எண்ணெய் வழிய நின்று தமக்கே அடிபட்ட தந்தியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதைச் சொன்னபோது மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுததைச் சொன்னபோது ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பத்து நாளைக்கு முன் தாம் படிவத்தில் போட்ட கையெழுத்தையும் விடாமல் ஒப்புக்கொண்டு, “போலீஸ் கேஸானாலும் சரி” என்று முடித்து மூச்சு வாங்கினார்.

பிரிகேடியர் உடல் குலுங்கச் சிரித்தார். “போலீஸா? நாற்பத்திரண்டில் என் கம்பெனியில் பாதிப் பேருக்கு மீசையே முளைத்திருக்கவில்லை. கேஸ் போடுவதானால் முதலில் என்மேல் போடட்டும்.”

தலைப்பாகைக்காரர் அதற்குள் மேடைக்கே வந்துவிட்டார். கிருஷ்ணஸ்வாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானுங்களா அந்த அண்ணன்? என்னை மன்னிச்சுப் போடுங்க. நான் ஆறுமுகசாமிங்க, கொள்ளேகால் பக்கம் மார்டள்ளி ஊரு. ஒரே செக்சன் நாங்க. அவரு கறி திங்க மாட்டாரு. அவரு பங்கு டப்பா அத்தனையும் நான்தானுங்க தின்னேன். அந்த வலுவுலதான் இன்னைக்கும் ஏர் புடிக்கறேன்!”

“அவன் அங்க என்ன செஞ்சான்? எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே!”

ஆறுமுகசாமி மைக்கின் பக்கம் திரும்பினார்.

“டெலிபோன் கம்பி இழுக்கறதுங்க எங்க வேலை. ஐராவதி ஆத்தங்கரையில குண்டு வுழுந்து வுழுந்து கம்பி அறுந்துபோகும். அறுந்தா யாராச்சும் தவழ்ந்து போயி முடியோணும். அன்னைக்குக் காலையில மூணு வாட்டி அறுந்துது, மூணு வாட்டியும் இவரே போனாரு. நாலாவது வாட்டி, ‘நீ போவாதய்யா, மொறைப்படி இது வேற ஆளு’ன்னு காலைப் புடிச்சேன். என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? ‘ஆறுமுகம், இது என் பேரில்லடா. எங்கண்ணன் பேரு. அவன் ரொம்ப ஒழுங்கானவன். அவன் பேர்ல பயந்தான்னு ஒரு வரி எழுதிடக் கூடாது’ன்னுட்டுப் போனாருங்க. கம்பியை முடிஞ்சப்பறந்தான் குண்டுச் சில்லு பட்டு வெரலு போச்சு. ரெண்டு வெரலில்லாத கையோட டெலிபோன்ல, ‘லைன் சரியாயிடுத்து, கிருஷ்ணஸ்வாமி பேசறேன்’னாரு. அந்தப் பக்கம் ரிசீவரை வெச்சிருந்தவன் நானுங்க.”

பசவராஜ் இழுத்துப் போட்ட நாற்காலியில் கிருஷ்ணஸ்வாமி உட்கார்ந்தார். சரக்கு அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் ஒரு தாளைக்கூடத் தவறவிடாமல் தாம் காத்த பெயரை, அதைவிடப் பெரிய இடத்தில் இன்னொருவன் காத்திருக்கிறான்.

“மூணு வருசம் கூடவே இருந்தனுங்க,” என்றார் ஆறுமுகசாமி. “நெசப் பேரு என்னன்னு கேட்டா சிரிப்பாரு, சொல்ல மாட்டாரு. அம்பது வருசமா தெரியாமயே கெடக்கறேன். இப்பவாச்சும் சொல்லுங்க சாமி. அவரு பேரு என்னங்க?”

கிருஷ்ணஸ்வாமி எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

“செல்வப்பிள்ளை,” என்றார். “மேல்கோட்டைப் பெருமாள் பேர். எங்கம்மா ஆசையா வெச்ச பேர். செல்வப்பிள்ளை!”

பசவராஜ் தம் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிரிகேடியரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். “ரெக்கார்டு ஆபீஸ் காகிதத்தை நான் மாத்த முடியாது,” என்றார் பசவராஜ். “ஆனா இந்த மேடையில யாரைக் கூப்பிடறதுங்கறது என் இஷ்டம்.” அவர் பட்டியலை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

“நாயக் செல்வப்பிள்ளை! சிக்னல்ஸ்! பர்மா!”

கிழவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். கைத்தடிகளை நாற்காலியில் சாத்திவிட்டு எழுந்தார்கள். யார் போய் வாங்குவது என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. கிருஷ்ணஸ்வாமி மேடை விளிம்புக்கு வந்து, “கனகம், உன்னைத்தான் கூப்பிடறா, வாம்மா!” என்று உரக்கச் சொன்னார்.

கனகலக்ஷ்மி அம்மாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் படியேறி வந்தார். கிருஷ்ணஸ்வாமி தம் தோளிலிருந்த சால்வையை எடுத்துப் பிரிகேடியரிடம் திருப்பிக் கொடுத்தார். பிரிகேடியர் அதையும் பதக்கப் பெட்டியையும் தாழ்ந்து வணங்கி அம்மாளிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை. பசவராஜைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், நீங்க கூப்பிட்டப்போ எல்லாரும் நாற்காலியை நகர்த்தி எழுந்துட்டா. சரியா காதுல விழலை,” என்றார். “தயவுபண்ணி இன்னொரு தரம் கூப்பிடுங்கோ.”

பசவராஜ் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்.